லண்டன் கறுப்பு டாக்சி: ஒரு விதி வளர்த்த கம்பெனி, அதே விதியை நம்பிச் சாய்ந்த கதை



போன மாதம் எங்கள் பிளாக் வாசலில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி, மறுபரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தது. போனில் டாக்சி புக் செய்தோம். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. மடக்கிய சக்கர நாற்காலி எப்படித் திருப்பினாலும் உள்ளே போகவில்லை. டிரைவர் நல்ல மனிதர். அவரும் ஐந்து நிமிஷம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "வேற வண்டி போட்டுக்கோங்கம்மா" என்றார். அடுத்த வண்டியிலும் சிலிண்டர். மூன்றாவது வண்டியில்தான் போக முடிந்தது. அதுவரை அத்தை வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி லண்டனில் இருக்கும் என் அக்கா மகளிடம் போனில் புலம்பினேன். "இங்கே ரோட்டில் எந்தக் கறுப்பு டாக்சியைக் கை காட்டி நிறுத்தினாலும் சக்கர நாற்காலியோட அப்படியே ஏறிக்கலாம் சித்தி. ஆனா அந்த டாக்சி செஞ்ச கம்பெனி ஒரு தடவை திவால் ஆகிடுச்சு" என்றாள். இவ்வளவு நல்ல வண்டி செய்த கம்பெனி ஏன் திவாலானது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததை இந்தக் காலாண்டு இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். டாக்சிக்கு மட்டுமல்ல, நம் சங்கத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

25 அடி விதி

லண்டனில் வாடகை வண்டிகளுக்கு உரிமம் கொடுக்கும் வேலை நெடுங்காலம் மாநகரப் போலீசிடம் இருந்தது. குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்த காலத்தில், 1906-இல், டாக்சிக்கான தகுதி விதிகளைப் போலீஸ் வெளியிட்டது. அதில் ரொம்பப் பெயர் பெற்றது 25 அடி விதி. வண்டி ஒரே மூச்சில் முழுதாகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும் வட்டத்தின் விட்டம் 25 அடிக்கு மேல் போகக் கூடாது. சாதாரணக் கார் ஒன்றுக்கு இதற்கு 35 அடி வரை வேண்டும். நம் பேஸ்மென்ட்டில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் காரை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்புகிற அவஸ்தை உங்களுக்கே தெரியும். குறுகலான லண்டன் தெருவில் டாக்சிக்கு அந்த அவஸ்தை இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம். சவாய் ஓட்டலின் வாசலில் வண்டி வளைந்து திரும்புவதற்காகவே இந்த விதி வந்தது என்றும் லண்டன்காரர்கள் சொல்வார்கள்.

இந்த ஒரு விதியால் என்ன ஆயிற்று பாருங்கள். கடையில் விற்கும் எந்தக் காரையும் வாங்கி லண்டனில் டாக்சியாக ஓட்ட முடியாது. டாக்சிக்கென்றே தனி வண்டி செய்ய வேண்டும். ஆனால் அதற்குச் சந்தை எவ்வளவு பெரியது? பெரும்பாலும் ஒரே ஊர், வருஷத்துக்குச் சில ஆயிரம் வண்டிகள். லட்சக்கணக்கில் கார் விற்கும் பெரிய கம்பெனிகளுக்கு இது கொசுறு வியாபாரம். ஆகவே சிரமப்பட்டு உள்ளே நுழைந்தவர்களுக்குக் களம் ஏறக்குறைய காலியாகவே கிடைத்தது.

மூன்று பேர் கூட்டு

அப்படி நுழைந்தவர்கள் மூன்று பேர். எஞ்சினும் அடிச்சட்டமும் ஆஸ்டின் கம்பெனியுடையது. மேல்கூடு கட்டியது கோவன்ட்ரி நகரத்தில் இருந்த கார்பாடீஸ் என்ற பட்டறை. டாக்சிக்காரர்களிடம் விற்றுக் கொடுத்தது மான் அண்ட் ஓவர்டன் என்ற லண்டன் விற்பனையாளர். 1948-இல் இவர்கள் எஃப்எக்ஸ்3 என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1958-இல், எஃப்எக்ஸ்4 வந்தது. பழைய படங்களில் நாம் பார்க்கும் உருண்டை முகமும் உயரமான கூரையும் கொண்ட கறுப்பு டாக்சி இதுதான்.

இங்கே நம் ஊருக்கும் ஒரு உறவு உண்டு. ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. எஃப்எக்ஸ்4 அந்தக் குடும்பத்து வண்டி. அதே குடும்பத்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற கார்தான் 1950களின் கடைசியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆயிற்று. ஒரே காலத்தில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டும் டாக்சியாகவே ஊர் நினைவில் நின்றன. போட்டி குறைவான சந்தையில் இரண்டும் அதிகம் மாறாமல் காலம் தள்ளின. அம்பாசடர் 2014-இல் நின்றது. எஃப்எக்ஸ்4 அதற்கு முன்பே, 1997-இல் நின்றது. 39 வருஷத்தில் சுமார் 75,000 வண்டிகள் வெளிவந்திருந்தன.

ஒரே மாடலை 39 வருஷம் விற்க முடிந்தது என்றால் வண்டி அவ்வளவு உறுதியானது என்று ஒரு பக்கம் சொல்லலாம். மாற்ற வேண்டிய கட்டாயம் வரவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

சொந்த எஞ்சின் இல்லாத கம்பெனி

கார்பாடீஸை 1954-இல் பிஎஸ்ஏ குழுமம் வாங்கியது. நம்மில் பலர் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன பிஎஸ்ஏ சைக்கிளின் பெயர் இந்த ஆங்கிலக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். 1973-இல் பிஎஸ்ஏ நொடித்தபோது கார்பாடீஸ், மாங்கனீஸ் பிரான்ஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போயிற்று. டாக்சிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கப்பலின் உந்துவிசிறி வார்க்கும் ஒருவகை வெண்கலத்தின் பெயர் அது. அந்தக் கம்பெனி முதலில் அந்தத் தொழிலில்தான் இருந்தது.

1982 வாக்கில் கூட்டாளியான ஆஸ்டின் தரப்புக்கு இந்தச் சின்ன வியாபாரத்தில் ஆர்வம் போய்விட்டது. வண்டியின் முழுப் பொறுப்பும் கார்பாடீஸ் தலையில் விழுந்தது. 1984-இல் மாங்கனீஸ் பிரான்ஸ், விற்பனையாளரான மான் அண்ட் ஓவர்டனையும் வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து லண்டன் டாக்சிஸ் இன்டர்நேஷனல் என்று ஆக்கியது. இனி செய்வதும் விற்பதும் ஒரே வீட்டில்.

ஆனால் அந்த வீட்டில் எஞ்சின் இல்லை. முதலில் லேண்ட் ரோவர் எஞ்சினைப் போட்டார்கள். இழுவை போதவில்லை, பழுதும் அதிகம் என்று டிரைவர்கள் குறைப்பட்டார்கள். 1989-இல் நிசான் டீசல் எஞ்சினோடு வந்த ஃபேர்வே மாடல்தான் அவர்களுக்கு நிம்மதி கொடுத்தது. பிறகு ஃபோர்டு எஞ்சின், அதற்குப் பிறகு இத்தாலியின் விஎம் எஞ்சின். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகும்போதெல்லாம் அடுத்த எஞ்சினைத் தேடி, அதற்கேற்ப வண்டியைத் திருத்த வேண்டியிருந்தது. வருஷத்துக்கு லட்சம் கார் விற்பவனுக்கு அந்தச் செலவு பரவிப்போகும். சில ஆயிரம் விற்பவனுக்கு ஒவ்வொரு வண்டியின் மேலும் சுமையாக ஏறும்.

போட்டி வந்து கற்றுக்கொடுத்தது

1987-இல் ஒரு போட்டியாளர் வந்தார். பர்மிங்காமில் பஸ் கட்டும் கம்பெனி ஒன்று மெட்ரோகேப் என்ற டாக்சியை இறக்கியது. துருப்பிடிக்காத ஃபைபர் உடம்பு. இன்னொரு முக்கியமான விஷயம், சக்கர நாற்காலி ஏறும் வசதி அதில் வரும்போதே இருந்தது.

1989 முதல் லண்டனில் புதிதாக உரிமம் பெறும் எந்த டாக்சியிலும் சக்கர நாற்காலி ஏற வேண்டும் என்று விதி வந்தது. 2000-க்குள் எல்லா டாக்சிகளுக்கும் அது பொருந்தியது. கோவன்ட்ரிக்காரர்களும் ஃபேர்வேயில் அந்த வசதியைச் செய்தார்கள். கதவு அகலமாயிற்று, சாய்வுப் பலகை வந்தது. என் அக்கா மகள் சொன்ன வசதி இப்படி வந்ததுதான். கம்பெனியின் கருணையை மட்டும் நம்பி அது வரவில்லை. ஒரு பக்கம் விதியும் இன்னொரு பக்கம் போட்டியும் நெருக்கியதால் வந்தது.

மெட்ரோகேப் பல முதலாளிகள் கை மாறி, 2006-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கோவன்ட்ரி கம்பெனி இதற்கிடையில், 1997-இல், டிஎக்ஸ்1 என்ற புது உருவத்தைக் கொண்டுவந்தது. கென்வுட் மிக்சியையும் பிரிட்டனின் அதிவேக ரயிலின் மூக்கையும் வடிவமைத்த கென்னத் கிரேஞ்ச் அதில் கை வைத்திருந்தார். பழைய முகச்சாயல் போகாமல் உள்ளே வசதி கூடியது. மெட்ரோகேப்பும் போனபின் களம் மறுபடி காலி. 25 அடி வேலி இருக்கும்வரை கவலையில்லை என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

வேலிக்குள்ளேயே ஒரு வழி

வேலியை யாரும் பிடுங்கவில்லை. 2000களில் விதியை மறுஆய்வு செய்தபோதும் 25 அடி நிபந்தனை நீடித்தது. ஆனால் 2008-இல் மெர்சிடிஸ் வீட்டோ வேன் டாக்சியாக வந்தது. நீளமான வேன் எப்படி 25 அடிக்குள் திரும்பும்? பின் சக்கரங்களையும் திருப்பினார்கள். மெதுவாகப் போகும்போது டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பின் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி வட்டத்தைச் சுருக்கிவிடும். விதியை மீறாமலே உள்ளே வந்துவிட்டார்கள். அதில் ஆறு பேர் உட்காரலாம், பக்கவாட்டில் தள்ளும் கதவு, பின்னால் நிற்பதோ உலகம் முழுக்க வேன் விற்கும் கம்பெனி. ஒரு டாக்சிக்கென்று தனியாக எஞ்சின் தேட வேண்டிய பிழைப்பு அவர்களுக்கு இல்லை.

கோவன்ட்ரி கம்பெனி செலவைக் குறைக்க வேறு வழி தேடியிருந்தது. 2006-இல் சீனாவின் ஜீலி கம்பெனியோடு கூட்டு வைத்து, ஷாங்காயில் டாக்சி செய்ய ஏற்பாடு செய்தது. பிறகு கோவன்ட்ரிக்கு வேண்டிய பாகங்களும் அங்கிருந்து வரத் தொடங்கின. ஆனாலும் 2007-க்குப் பிறகு கம்பெனி லாபம் பார்க்கவே இல்லை. 2012 ஆகஸ்டில் பழைய கணக்குகளில் தவறு இருப்பது தெரியவந்தது. அக்டோபரில் புதிய சப்ளையர் கொடுத்த ஸ்டியரிங் பாகத்தில் கோளாறு என்று சுமார் 400 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று, விற்பனையை நிறுத்தினார்கள். கையில் பணம் இல்லை. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் நிர்வாகிகளிடம் போயிற்று. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள். பெரிய கார் கம்பெனிக்கு 400 வண்டி திரும்ப வருவது செய்தித்தாளில் ஒரு மூலைச் செய்தி. இவர்களுக்கு அதுவே கடைசி அடியாக இருந்தது. வெளியாள் வராமல் வேலி தடுத்தது உண்மை. உள்ளே இருந்த பலவீனத்துக்கு அந்த வேலி மருந்தாகவில்லை.

வேலிக்கு வெளியே வளர்ந்த சந்தை

அதே 2012-இல்தான் ஊபர் லண்டனுக்கு வந்தது. இது வேறு மாதிரிப் போட்டி. லண்டனில் தெருவில் கை காட்டினால் நிற்கவும், மீட்டர் போட்டு ஓட்டவும் கறுப்பு டாக்சிக்கு மட்டுமே உரிமை. சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து 'நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேறியவர்தான் லண்டன் முழுக்க அதை ஓட்டலாம்; பலருக்கு அதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். முன்கூட்டியே புக் செய்து போகும் தனியார் வாடகைக் காருக்கு இந்தத் தேர்வு இல்லை, 25 அடி விதி இல்லை, சக்கர நாற்காலி விதியும் இல்லை. ஆப் வந்தபின் 'முன்கூட்டியே' என்பது இரண்டு நிமிஷம் என்று சுருங்கிவிட்டது.

டாக்சிக்காரர்கள் 2014-இல் சாலையை அடைத்துப் போராடினார்கள். போன் ஆப் கணக்குப் போடுவதும் மீட்டர்தானே என்று கேட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2015 அக்டோபரில், அது மீட்டர் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. தனியார் வாடகைக் கார்கள் 2013-இல் சுமார் 50,000 இருந்தவை 2017-இல் 87,000-ஐத் தாண்டின. கறுப்பு டாக்சிகளோ அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இருந்த சுமார் 22,000-இலிருந்து இப்போது 15,000-க்கும் கீழே வந்துவிட்டன.

மக்களையும் குறை சொல்ல முடியாது. கட்டணம் குறைவு, வீட்டு வாசலுக்கே வண்டி. நாமும் அதைத்தானே செய்கிறோம்? ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 87,000 கார் தெருவில் ஓடினாலும் அதில் பெரும்பாலானவை இல்லாத மாதிரிதான். மலிவான சவாரியில் யார் ஏற முடியாமல் விடுபடுகிறார்கள் என்பது புக் செய்யும் ஆப்பில் தெரிவதில்லை. நம் வாசலில் சிலிண்டர் டிக்கியைப் பார்த்த அன்று எனக்கு அது தெரிந்தது.

மீண்டு வந்த வண்டி

2013 பிப்ரவரியில் ஜீலியே அந்தக் கம்பெனியைச் சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்த ஆண்டே கோவன்ட்ரியில் உற்பத்தி மறுபடி தொடங்கியது. 2018 ஜனவரி முதல் லண்டனில் புதிதாக வரும் டாக்சி புகையில்லாமலும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி வரப்போவது தெரிந்ததும், கோவன்ட்ரி அருகே ஆன்ஸ்டியில் 30 கோடி பவுண்டுக்கு மேல் போட்டுப் புதிய தொழிற்சாலை கட்டினார்கள். 2017-இல் அது திறந்தது. கம்பெனியின் பெயரும் லண்டன் எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி என்று மாறியது. இப்போதைய கறுப்பு டாக்சி பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினும் உண்டு. ஜீலியிடம் வால்வோ இருப்பதால் எஞ்சினுக்கு வெளியாள் வாசலில் நிற்க வேண்டியதில்லை. சாய்வுப் பலகை அப்படியே இருக்கிறது. 25 அடித் திருப்பமும் அப்படியே.

விலைதான் டிரைவரை மலைக்க வைக்கிறது. அறிமுகத்தின்போதே 55,599 பவுண்டு. பெரும்பாலும் தனியாளாகத் தொழில் செய்கிறவர்கள் அதைத் தவணையில் கட்டுகிறார்கள். தனியார் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இதில் பாதி விலையில் நல்ல கார் கிடைத்துவிடும். ஆகவே அந்தப் போட்டி தீர்ந்துவிடவில்லை. 2023-இல் ஊபரே தன் ஆப்பில் லண்டன் கறுப்பு டாக்சிகளையும் சேர்த்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது.

நமக்கு என்ன?

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். விதி பயணிக்காக வந்தது. தெருவில் திரும்பணும், உயரமாக ஏறி உட்காரணும், நாற்காலியோடு ஏறணும் என்பதெல்லாம் பயணியின் தேவைகள். நாளாவட்டத்தில் அந்த விதியே ஒரு கம்பெனியைக் காக்கும் வேலி ஆகிவிட்டது. கம்பெனி சாய்ந்தது, முதலாளி மாறினார், வேறொரு நாட்டுப் பணம் வந்தது. பயணிக்குக் கிடைக்க வேண்டியது மட்டும் விதியில் இருந்ததால் அப்படியே நின்றது. ஆகவே காப்பாற்ற வேண்டியது நிபந்தனையை. அதை யார் நிறைவேற்றுகிறார்கள் என்பதில் போட்டி இருக்கட்டும்.

நம் லிப்ட் பராமரிப்பையும் தண்ணீர் லாரியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். "இவங்கதான் ரொம்ப வருஷமா வர்றாங்க" என்பது ஒரு காரணம் ஆகாது. "யார் மலிவு" என்பது மட்டுமே காரணமாவதும் சரியில்லை. நமக்கு என்ன தரம் வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு நான்கு பேரைக் கூப்பிட்டு விலை கேட்பதுதான் முறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மெயின் கேட்டில் ஒட்டியிருக்கும் டாக்சி, ஆம்புலன்ஸ் எண்களின் பட்டியலில் சக்கர நாற்காலி ஏறும் வண்டி எது என்று குறிப்பில்லை. உங்களுக்குத் தெரிந்த நம்பகமான வண்டிக்காரர் யாரிடமாவது டிக்கி காலியாக இருக்கும் கார் அல்லது சாய்வுப் பலகை உள்ள வேன் இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டுச் சங்க அலுவலகத்தில் எண்ணைக் கொடுங்கள். செயலாளரிடம் பேசிவிட்டேன், அடுத்த பொதுக்குழுவுக்குள் தனிப் பட்டியலாக ஒட்டிவிடலாம் என்றார். நம் நான்கு பிளாக்கிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். இன்று இல்லாத வீட்டிலும் நாளைக்கு இருப்பார்கள்.